மஞ்சளப் பாத்தாலே கத்துற வைர மெஷின்

திருச்சில புதுசா வைரம் சோதிக்கிற லேப் போடுற நண்பர் ஒருத்தர், லேப்ல வளத்த வைரத்தக் கண்டுபிடிக்க "உங்க மெஷினையே நானும் எடுத்துரட்டுமா"ன்னு கேட்டாரு. போன்ல சொல்லி முடியிற கதையில்ல. பிராண்ட் பேரு சொல்லமாட்டேன், திட்டப் போறேன்ல. டெஸ்டர் பேனாவ இங்க கணக்குலயே சேக்கல, அது சூடு கடத்துதான்னுதான் பாக்கும், லேப்ல வளத்த கல்லும் வைரம்தானே, அதுக்கும் ஓகேன்னுதான் காட்டும்.

என்னுது ஷார்ட்வேவ் யூவி அடிச்சு கேமரால படம் புடிக்கிற பாக்ஸ். லைட் எரியிறப்ப கல்லு ஒளிருதான்னும் பாக்கும், அணைச்ச பிறகும் ஒளிருதான்னும் பாக்கும். ஹெச்பிஹெச்டின்னா அதிக அழுத்தம், அதிக சூட்டுல வளத்த கல்லு, அதுல வெள்ளைக் கல்லு நிறைய பச்சை கலந்த நீலத்துல கொஞ்ச நேரம் ஒளிர்ந்துட்டுதான் அடங்கும். பொடிக்கல்லு பொட்டலத்த ட்ரேல பரப்பி மூடுனா, எல்லாம் இருண்டு போய் ஒண்ணு ரெண்டு மட்டும் மின்மினி மாதிரி நிக்கும் பாருங்க, அந்த அழகுக்காகவே காசு குடுக்கலாம். ஒவ்வொரு கல்லா தொட்டுப் பாத்தா ஒரு பொட்டலத்துக்கே பொழுது போயிரும், இதுல டீ வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்.

ஆனா தோடுன்னு வந்துட்டா போச்சு. எங்க கோயமுத்தூர்ல பாட்டி காலத்து ஏழு கல் தோடு, பேசரி நிறைய வரும், கேட்டா எல்லாமே "ப்ளூ ஜாகருங்க"ம்பாங்க. அந்தப் பேரு வந்த ஜாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்த தென்னாப்பிரிக்கால 1971லயே மூடியாச்சு, நம்மூரு தோடெல்லாம் கூட்டிப் பாத்தா ஒரே சுரங்கத்துல அத்தன கல்லு கெடச்சிருக்குமான்னே சந்தேகமா இருக்கு, அது கெடக்கட்டும். வருசக்கணக்கா மஞ்சள் தேச்சுக் குளிச்ச காது, கல்லுக்கும் தங்கத்துக்கும் நடுவுல எண்ணெயும் மஞ்சளும் அப்பிக் கெடக்கும். மஞ்சள் யூவில பச்சையும் மஞ்சளுமா எரியும், இந்த அறிவாளி அதக் கல்லுன்னு நெனச்சு சிவப்பு வட்டம் போட்டு பீப் பீப்னு கத்தும். வேட்டி முனைல தொடச்சுக் குடுப்பாங்க, அதுல ஒரு நூல் ஒட்டியிருந்தா சோப்புத்தூள்ல இருக்கிற பளீர் சமாச்சாரத்தால அது நீலமா ஜொலிக்கும், அதுக்கும் ஒரு வட்டம். எதிர்ல நிக்கிற அம்மாவுக்கு மாமியார் குடுத்த தோடு, ஸ்க்ரீன்ல சிவப்ப பாத்ததும் அவங்க மொகம் போற போக்கு இருக்கே. அப்புறம் அல்ட்ராசோனிக், ஸ்டீம்னு கழுவிட்டு, மறுபடி முதல்ல இருந்து. கல்லு பதிச்ச கட்டு பழசு வேற, கல்லு ஆடிட்டா யாரு பதில் சொல்றது?

சரி, டீப் யூவி ஊடுருவுதான்னு பாக்குற கருவி எடுக்கலாமேன்னு கேப்பீங்க. பெரும்பாலான இயற்கை வைரத்துல நைட்ரஜன் இருக்கும், டீப் யூவிய அது உள்ளயே முழுங்கிரும், லேப் கல்லுல வெள்ளையா இருக்கிறது பெரும்பாலும் டைப் டூஏ, அதாவது நைட்ரஜன் அனேகமா இல்லாத வகை, அது வழியா யூவி போயிரும். ஐடியா பிரமாதம்தான், ஆனா நம்ம தோட்டுக்கு பின்பக்கம் மூடியில்ல இருக்கு, வெளிச்சம் எங்கிட்டுப் போகும்? இன்னொன்னு, இயற்கைலயும் 2 சதவீதத்துக்குள்ள டூஏ வரும், அதனால மாட்டுனதெல்லாம் லேப் கல்லுன்னு ரிப்போர்ட்ல எழுதிராதீங்க, பெரிய லேபுக்கு அனுப்பித்தான் ஆகணும்.

அப்புறம் விளக்கு. யூவி நாளாக நாளாக மங்கும், ஆனா மெஷின் வாயத் தொறந்து சொல்லாது, கல்லு ஒளிர்றது கொறஞ்சு கொறஞ்சு ஹெச்பிஹெச்டி நல்ல புள்ள மாதிரி பாஸாயிரும். அதனால தெரிஞ்ச ஹெச்பிஹெச்டி கல்லு ஒண்ணு கைவசம் இருக்கணும், காலைல கடை தொறந்ததும் மொத வேலை அதப் போட்டுப் பாக்கிறதுதான். என் மெஷின் இதுக்குத்தான் சர்வீஸ் போச்சு, சர்வீஸ்காரங்க போன எடுத்தா "பார்ட் வந்துட்டு இருக்கு சார்" ஒரே பாட்டு, பில்லு மட்டும் பார்ட்டுக்கு முன்னாடியே வந்துருச்சு.

சிவிடி, அதான் வாயுவுல இருந்து படிய வச்சு வளத்த கல்லு, ஆரஞ்சா எரிஞ்சா அதிர்ஷ்டம், இப்ப வர்றதுல பல கல்லு அணைச்சதும் கம்முனு ஆயிருது, இந்த பாக்ஸ மட்டும் நம்பி சிவிடிய பாஸ் பண்ணவே கூடாது.

அதனால நண்பரே, எடுக்காதீங்க. ஜிஐஏங்கிற அமெரிக்க ரத்தின ஆய்வு நிறுவனத்தோட ஐடி100 மாதிரி, பேனா போல ப்ரோப் வச்சு மேல இருந்தே பாக்குறது எடுங்க, ஒவ்வொண்ணா தொடணும், கை வலிக்கும், ஆனா பின்னாடி மூடியிருந்தாலும் கவலையில்ல. பொட்டலம் மட்டும் பாக்குறவரா இருந்தா என் பாக்ஸுக்கு நாலரை ஸ்டார் தாராளமா குடுக்கலாம். எனக்கு ரெண்டுதான். அந்த பீப் சத்தத்த அணைக்க ஒரு பட்டன் வச்சிருந்தா ரெண்டரை.