மாடி இல்லாத நீள வீடு: கோவளம் பக்கம் சில வருட அனுபவம்

ராஞ்ச் பாணியில் பண்ணை வீடு கட்டலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: மொட்டை மாடி இல்லாமல் இருக்க முடியுமா? 1930களில் கலிஃபோர்னியாவில் கிளிஃப் மே போன்ற வீட்டு வடிவமைப்பாளர்கள் பரப்பிய இந்த வகை வீடு ஒற்றைத் தளத்தில் தரையோடு தரையாக நீண்டு கிடக்கும். சென்னைக்குத் தெற்கே கோவளம் தாண்டி, முந்திரியும் சவுக்கும் நிற்கும் மணல் நிலத்தில் நாங்கள் கட்டியது அப்படித்தான். சாலையிலிருந்து பார்த்தால் ஓடு மட்டும் கொஞ்சம் தெரியும். வடாம் காயவைக்க இடமில்லையே என்பது என் மாமியாருக்கு இன்றுவரை ஆறாத குறை.

அமெரிக்க வரைபடத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. அங்கே கூரைச் சரிவு ரொம்பக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நம்மூரில் காற்றோடு அடிக்கும் மழை, அந்தச் சரிவில் போட்ட ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். சரிவைக் கூட்டினால் கூரை உயர்ந்து மரங்களுக்கு மேல் துருத்தும். அதனால் வீட்டின் அகலத்தைக் குறைத்து, அறைகளை ஒரே வரிசையாக நீட்டினோம். கூரையும் தாழ்ந்தது, ஒவ்வொரு அறைக்கும் இரண்டு பக்கமும் ஜன்னல் கிடைத்தது. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிளம்பினால் ஏசி தேவைப்படுவதில்லை. காற்று வராத மே மாத நாட்களில் போட்டுத்தான் ஆகவேண்டும், அதில் வீம்பு வேண்டாம். மேற்கு வெயிலுக்குக் குளியலறையும் ஸ்டோர் ரூமும் தடுப்பு. தாழ்வாரம் எவ்வளவு தாழலாம் என்று தெரிய, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கும் பழைய வீடுகளுக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள்.

நிலமட்டம்தான் பெரிய விஷயம். "கிராவல் அடிச்சு ரோடு மட்டத்துக்குத் தூக்கிடலாம் சார்" என்றார் மேஸ்திரி. அந்தப் பக்கம் எல்லோரும் செய்வது அதுதான். நாங்கள் அடித்தளத்தை மட்டும் உயர்த்தி, மழைநீர் வழக்கமாக ஓடும் பள்ளத்தை விட்டுவிட்டோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது தண்ணீர் அந்தப் பள்ளத்தின் வழியே குட்டைக்குப் போனது. மேடாக்கிய பக்கத்து மனைகளின் தண்ணீரும் சேர்ந்து வந்ததில் வாசற்படிவரை ஏறியது, உள்ளே வரவில்லை.

சுற்றுப்புறத்தோடு கலந்த வீடு என்றால் சுற்றுப்புறமும் வீட்டோடு கலக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். சவுக்குச் சருகு தூம்பை அடைக்கும். புரட்டாசியிலேயே ஆள் விட்டு வாரவேண்டும். அணில் கூரை ஓடுகளை நகர்த்தும். விளக்கைப் போட்டால் ஈசல், அதைத் தின்னப் பல்லி, பல்லிக்குப் பின்னால் சிலசமயம் பாம்பு. பூசாத செங்கல் மண்ணோடு அழகாகச் சேர்கிறது, உண்மை. ஆனால் கடலைப் பார்த்த சுவரில் உப்பு பூத்துச் செங்கல் பொடிப்பொடியாக உதிர்கிறது. கையால் தடவினால் மாவு மாதிரி வரும். அந்த ஒரு சுவருக்குப் பிற்பாடு மண் நிறம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு கொடுத்தோம், இதுவரை நிற்கிறது. இரும்பு ஜன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயிண்ட்.

செலவு? ஒரே பரப்பளவை மாடியாக எடுத்தால் பாதி அஸ்திவாரம், பாதிக் கூரையோடு முடிந்துவிடும், இதில் இரண்டும் முழுசு. அப்புறம், ஓடு மாற்றத் தெரிந்த ஆள் கிடைப்பது இப்போதே சிரமம். கட்டும்போதே உபரி ஓடு வாங்கி அடுக்கி வையுங்கள், பிறகு அதே அளவு தேடினால் கிடைக்காது.