சாம்பல் நோய்க்குப் பாலா, ஆப்பசோடாவா, வேப்பெண்ணெயா? வேலூர்த் தோட்டங்களுக்கான ஓர் ஒப்பீடு

மார்கழி, தை மாதங்களில் இரவில் பனி இறங்கிப் பகலில் வறண்ட வெயில் அடிக்கும்போது, காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கத்து மாடித் தோட்டங்களில் பூசணி, பீர்க்கு, வெண்டை, ரோஜா ஆகியவற்றின் இலைகள்மேல் மாவு தூவியது போன்ற வெண்படலம் தோன்றுகிறது. இதுவே சாம்பல் நோய் என்னும் பூஞ்சை நோய். பெரும்பாலான பூஞ்சை நோய்கள் பரவ இலை நனைந்திருக்க வேண்டும். சாம்பல் நோய்க்கோ காற்றிலுள்ள ஈரமே போதும். இதற்கு வீட்டிலேயே மருந்து கலப்பவர்கள் பால், ஆப்பசோடா, வேப்பெண்ணெய் ஆகிய மூன்றில் ஒன்றையே பெரும்பாலும் நாடுகின்றனர். மூன்றுக்கும் பலன் உண்டு என்றாலும், நம் ஊர் வெயிலையும் நிலத்தடி நீரையும் கணக்கில் எடுத்துக்கொண்டால் மூன்றும் ஒரே தரத்தில் நிற்பதில்லை.

என் தேர்வில் முதலிடம் பாலுக்கே. பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், சீமைச் சுரைக்காய் (சுக்கினி) செடிகளில் பத்து சதவீதமும் அதற்கு மேலும் பால் கலந்த நீரைத் தொடர்ந்து தெளித்தபோது, இரசாயனப் பூஞ்சைக்கொல்லிக்கு ஈடாக நோய் கட்டுப்பட்டது. பாலிலுள்ள புரதம் வெயில் படும்போது பூஞ்சையைத் தாக்கும் பொருள்களை உண்டாக்குகிறது என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. அந்த வெயில் வேலூரில் குறைவின்றிக் கிடைக்கிறது. ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்து, முதல் புள்ளி தென்பட்டவுடனேயே, வாரம் ஒருமுறை காலையில் இலையின் இருபுறமும் படுமாறு தெளிக்க வேண்டும். இலை முழுவதும் வெளுத்த பிறகு தெளித்துப் பெரிய பயனில்லை. பாலைக் கூட்டினால் பலனும் கூடும் என்று எண்ணி முப்பது சதவீதத்தைத் தாண்டினால், இலைமேல் தீங்கற்ற வேறொரு பூஞ்சணம் படரக்கூடும். புளித்த மோரையும் பலர் தெளிக்கிறார்கள். ஆனால் மேற்சொன்ன ஆய்வு பாலில் நடந்தது என்பதால், அதே அளவை மோருக்குப் பொருத்துவது சரியாகாது.

ஆப்பசோடா இலைப்பரப்பில் காரத்தன்மையைக் கூட்டிப் பூஞ்சையை ஒடுக்குகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் 1992-இல் அரை சதவீதச் சோடாவைத் தோட்டக்கலை எண்ணெயுடன் கலந்து ரோஜாவில் நல்ல பலன் கண்டனர். ஆயினும் அதிலுள்ள சோடியம் தொட்டி மண்ணில் இறங்கித் தங்கிவிடுகிறது. பாலாற்றுப் படுகையில் இதை அலட்சியம் செய்ய முடியாது: தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் நிலத்தடி நீர் உப்பேறியது, 1996-இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ப்புப் பெற்ற துயரம் அது. ஏற்கெனவே உப்பு நீர் குடிக்கும் செடிக்கு வாரந்தோறும் மேலும் சோடியத்தைக் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நன்னீர் பாயும் தோட்டத்தில், லிட்டருக்கு ஐந்து கிராமுக்கு மிகாமல் ஓரிரு முறை தெளிப்பது வேறு.

வேப்பெண்ணெய்க்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் சாம்பல் நோய்க்கு மூன்று சதவீத வேப்பெண்ணெயை அல்லது ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றைப் பத்து நாள் இடைவெளியில் இருமுறை தெளிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அசுவினி, வெள்ளை ஈ ஆகியவற்றையும் அது அடக்குவதால், பூச்சியும் நோயும் சேர்ந்து வந்த செடிக்குப் பாலைவிட இதுவே மேல். மென்மையான தொட்டிச் செடிகளுக்கு லிட்டருக்கு ஐந்து மில்லியுடன் சிறிது காதி சோப்புக் கரைத்து, முதலில் ஓர் இலையில் சோதித்துப் பார்க்கலாம். உச்சி வெயிலில் எண்ணெய் படிந்த இலை கருகும். ஆகவே பொழுது சாய்ந்த பிறகே தெளிக்க வேண்டும், கத்திரி வெயிலில் அறவே தவிர்க்க வேண்டும்.

அடுப்புச் சாம்பலையும் மஞ்சள் தூளையும் இந்த வரிசையில் வைக்க எனக்குத் தயக்கம் உண்டு. கந்தகத் தூள் சாம்பல் நோய்க்கு நல்ல மருந்துதான் என்றாலும், பூசணிக் குடும்பத்துக் கொடிகளின் இலைகளை அது கருக்கிவிடும்.

எதைக் கலப்பதற்கும் முன்னால் இலையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேற்புறம் நரம்புகளுக்கிடையே மஞ்சள் திட்டுகளும் அடிப்புறம் சாம்பல் நிறப் படலமும் தெரிந்தால், அது அடிச்சாம்பல் நோய். அதை உண்டாக்குவது உண்மையான பூஞ்சை அன்று, நீரில் வாழும் பாசிகளுக்கு நெருங்கிய வேறோர் இனம். ஆகவே மேற்சொன்ன பாலும் சோடாவும் அதற்கு நம்பத்தக்கவை அல்ல. தாக்கப்பட்ட இலைகளை அகற்றி, கொடியைப் பந்தலில் ஏற்றிக் காற்றோட்டம் தந்து, இலை நனையாமல் வேரடியில் மட்டும் நீர் விட வேண்டும்.