கறையா, டிசைனா? இலை அச்சுத் துணியை எங்கே விற்பது

படிகாரத்தில் ஊறிய துணியில் இலைகளைப் பரப்பி, இறுக்கிச் சுருட்டி, நூல் கட்டி, ஒன்றரை மணி நேரம் இட்லிப் பானையில் ஆவியில் வைத்தால் சாயம் இறங்கிவிடும். (அந்தப் பானையில் அப்புறம் இட்லி கூடாது.) கசக்கினால் கையைச் சிவக்க வைக்கும் தேக்கங்கொழுந்து துணியையும் சிவக்க வைக்கும். துருப்பிடித்த ஆணி ஊறிய வினிகர் பட்டால், இலையின் துவர்ப்புச் சத்து கருத்துக் கோடு கோடாய் நரம்பு தெரியும். கடலூர் மஞ்சக்குப்பத்து மொட்டைமாடியில் இது என் கிறுக்கு. விற்கலாம் என்று இறங்கியதும்தான் வம்பு.

முதலில் பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட். காசு உடனே கையில். ஆனால் பக்கத்தில் 150 ரூபாய் டீ-ஷர்ட் குவிந்திருக்க, 900 ரூபாய் துப்பட்டாவை யார் தொடுவார்கள்? ஒரு அம்மா வெயிலில் விரித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கறை பட்டதுக்குக் கொறச்சுக் குடுக்கக் கூடாதா?" என்றார். நாலு வாரத்தில் மூட்டை கட்டிவிட்டேன்.

அடுத்து ஒயிட் டவுனில் ஒரு கடை. அதே துப்பட்டா அங்கே 1,500. விற்றால்தான் பணம், அதிலும் நூற்றுக்கு நாற்பது கடைக்கு. 'கறையா?' என்று கேட்டால் பதில் சொல்ல நான் அங்கே இல்லை. வெயில் விழும் கண்ணாடி ஓரம் தொங்கவிட்டதில் இரண்டு வெளிறித் திரும்பின. நஷ்டம் என் தலையில்.

இரண்டுக்கும் பொதுவான தலைவலி, கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே எல்லையாக இருக்கும் முள்ளோடை. அதைத் தாண்டினால் கணக்கில் வெளிமாநில விற்பனை. தமிழ்நாட்டுக்குள் வருடத்துக்கு 40 லட்சம் ரூபாய் வரை பொருள் விற்க ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. எல்லை தாண்டினால் அந்த வரம்பு பொதுவாகச் செல்லாது. கைவினைப் பொருள்களுக்குத் தனிச் சலுகைப் பட்டியல் உண்டு. நம் சரக்கு அதில் வருகிறதா என்று முதலிலேயே ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். நான் கடைசியில்தான் கேட்டேன்.

மூன்றாவது, வகுப்பு. சனிக்கிழமை ஆறு பேர், ஆளுக்கொரு கைக்குட்டை. சுருளைப் பிரிக்கும்போது எழும் கூச்சல் இருக்கிறதே! கறை என்ற பேச்சே வராது. போகும்போது இரண்டு பேராவது துப்பட்டா வாங்குகிறார்கள். தொண்டை வறண்டு, என் சொந்த வேலை பாதி குறைந்தது உண்மை. இருந்தும் என் ஓட்டு இதற்குத்தான். கடைக்கு மாதம் நாலு உருப்படி, நிழலில் தொங்கவிடும் நிபந்தனையோடு.

இந்தச் சனிக்கிழமைக்கும் ஆறு பேர் சேர்ந்தாயிற்று. தேக்கு மரத்துப் பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் இன்னும் பேசவில்லை.