முலைக்காம்பில் புற்று: மேமோகிராமா, எம்.ஆர்.ஐ.யா?

ஒரு பக்க முலைக்காம்பில் மட்டும் அரிப்பு, செதில், சில நேரம் நீர்க்கசிவு. ஆயின்ட்மென்ட் போட்டால் அடங்கும், விட்டால் திரும்ப வரும். கரப்பான் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடப்படும் இந்தப் புண், சிலருக்குப் பேஜெட் நோயாக இருக்கும். ஜேம்ஸ் பேஜெட் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1874இல் இதை விவரித்தார். மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 3 வரைதான் இந்த வகை. ஆனால் இது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு மார்பகத்தின் உள்ளேயும் புற்று இருக்கிறது. அதை எந்தச் சோதனை காட்டும் என்பதில்தான் போட்டி.

காம்பில் இருப்பது பேஜெட்தானா என்பதைச் சொல்ல எந்த ஸ்கேனாலும் முடியாது. அங்கிருந்து சின்னத் தோல் துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸிதான் சொல்லும். எம்.ஆர்.ஐ. நார்மல் என்று வந்தாலும் பயாப்ஸியை விடக்கூடாது.

மேமோகிராம் என்பது மார்பகத்துக்கான எக்ஸ்ரே. சில நிமிட வேலை, செலவும் குறைவு. பால் நாளங்களுக்குள் அடங்கியிருக்கும் ஆரம்பப் புற்று பல நேரம் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்தப் புள்ளிகளை எம்.ஆர்.ஐ. காட்டாது. அதனால் எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் மேமோகிராமைத் தவிர்க்க முடியாது. ஆனால் கையில் கட்டி எதுவும் தட்டுப்படாத பேஜெட்டில், உள்ளே புற்று இருந்தும் மேமோகிராம் சுத்தமாக வந்துவிடுவது உண்டு. திசு அடர்த்தியான மார்பகம் என்றால் இன்னும் சிரமம். அல்ட்ராசவுண்ட் கூடவே எடுப்பார்கள். கட்டியைப் பார்க்கவும் பயாப்ஸிக்கு ஊசி வைக்கவும் உதவும், ஆனால் காம்புக்கு நேர் பின்னால் நிழல் விழுந்து மறைக்கும்.

எம்.ஆர்.ஐ. வேறு வழியில் பார்க்கிறது. குப்புறப் படுக்கவைத்து, ரத்தக்குழாயில் கடோலினியம் என்ற மருந்தை ஏற்றுவார்கள். ரத்த ஓட்டம் மிகுந்த புற்றுத் திசு அதைச் சீக்கிரம் இழுத்துப் பளிச்சிடும். மேமோகிராம் விட்ட புற்றை இது பிடித்துக்கொடுப்பது இப்படித்தான். ஒரு சிக்கல்: ஆரோக்கியமான காம்பும் பளிச்சிடும். ஆகவே இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் தடித்தோ கூடுதலாகவோ ஒளிர்கிறதா என்று பார்ப்பார்கள். புற்றே அல்லாதவையும் ஒளிர்ந்து பயமுறுத்தும். படத்தை மட்டும் நம்பி மார்பகத்தை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். ஒளிர்ந்த இடத்திலும் பயாப்ஸி வேண்டும். அது அல்ட்ராசவுண்டில் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. பார்த்தபடியே ஊசி வைக்க வேண்டும், அந்த வசதி எல்லா ஊரிலும் இல்லை. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, யாருக்குச் செலவு செய்யலாம்? மேமோகிராமிலேயே புற்று பரவலாகத் தெரிந்து, மார்பகத்தை முழுதாக எடுப்பது என்று முடிவாகிவிட்டால், அந்தப் பக்கத்துக்கு எம்.ஆர்.ஐ. பெரிதாக எதுவும் சேர்க்காது. பயாப்ஸியில் பேஜெட் உறுதி, மேமோகிராமோ சுத்தம், காம்பையும் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்து, மார்பகத்தைக் காப்பாற்றிக் கதிர்வீச்சு கொடுக்கலாம் என்று யோசிக்கிறார்கள் என்றால், நான் தயங்காமல் எம்.ஆர்.ஐ. பக்கம். உள்ளே வேறெங்கும் ஒளிந்திருக்கிறதா என்று தெரியாமல் அந்த அறுவைக்குப் போவது ஆபத்து.

பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிடுங்கள். மாதவிலக்கு தொடங்கி 7 முதல் 14 நாளுக்குள் எடுத்தால் படம் தெளிவாக வரும். புற்று உறுதியாகிவிட்டால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம்.