தோள்பட்டை ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள்

தோள்வலிக்காகத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிற பினாங்குக்காரர்கள், அதிலும் மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஆஸ்பத்திரியின் பெயரைப் போடவில்லை. என் புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது.

நான் ஜெலுத்தோங்கில் வீட்டிலிருந்தே சமைத்துக் கொடுக்கிறேன். காலைப் பசியாறலுக்கு இடியப்பம், தீபாவளிக்கு முறுக்கு, அதிரசம். வயது 54, பத்து வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்). போன வருடம் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் ஒரு பந்தலில் அண்டா அண்டாவாகத் தூக்கி இறக்கினேன். அப்போது வலது தோளில் பிடித்த வலி விடவே இல்லை. கையைத் தூக்க முடிந்தது. தோள் உயரத்தைத் தாண்டினால்தான் சுள்ளென்று இழுத்தது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து மகன் அழைத்துப் போனான். கவுண்டரில் முதல் கேள்வியே கார்டு இருக்கிறதா என்பதுதான். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். டாக்டர் திரையில் ஓர் இடத்தைப் பேனாவால் தொட்டு, "ஆன்ட்டி, இங்கே எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது. தசைநாரை உரசிக்கொண்டே இருக்கிறது. விட்டால் கிழிந்துவிடும், அப்புறம் கையே தூக்க முடியாது" என்றார். என் கையை ஒரு முறைகூடத் தூக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. உடற்பயிற்சி, பிசியோ என்ற பேச்சே வரவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு தடவை காட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். "அங்கே மாதக்கணக்கில் காத்திருக்கணும், அதற்குள் கிழிந்துவிட்டால்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் பயந்துவிட்டேன். கை போனால் எனக்குப் பிழைப்பே இல்லை.

அடுத்த வாரமே அந்த எலும்பு முள்ளைச் சீவும் ஆப்பரேஷன். காலை ஏழு மணிக்கு, ஆஸ்பத்திரி உடையை மாட்டிய பிறகு, மிஸ்ஸி (நர்ஸ்) ஆங்கிலத்தில் ஒரு சம்மதப் பாரத்தைக் கொண்டுவந்து நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். எல்லாவற்றையும் கார்டு பார்த்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கடைசியில் பில் 26,800 வெள்ளி. எங்கள் பாலிசியில் பத்து விழுக்காடு நாமே கட்ட வேண்டுமாம். 2,680 வெள்ளியை மகன் கடன் வாங்கிக் கட்டினான்.

பணம் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆறு வாரத்தில் தோள் அப்படியே இறுகிப்போனது. தலை வார முடியவில்லை, ரவிக்கை கொக்கி போட முடியவில்லை, சாமி மேடையில் விளக்கேற்ற மகள்தான் வர வேண்டியிருந்தது. இனிப்புநீர் இருப்பவர்களுக்கு ஆப்பரேஷனுக்குப் பிறகு தோள் இறுகுவது அதிகம் என்று எனக்கு முன்னமே யாரும் சொல்லவில்லை. டாக்டரிடம் திரும்பப் போனால், "டைம் எடுக்கும் ஆன்ட்டி" என்றதோடு சரி. அந்த வருடத் தீபாவளி ஆர்டர் முழுவதும் போனது.

பிறகு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க ஐந்து வெள்ளி. அங்கிருந்த டாக்டர் பழைய எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைக் கேட்டார். என்னிடம் இல்லை. தனியாருக்கு எழுதிக்கொடுத்து, நடையாய் நடந்து, ஆப்பரேஷன் முடிந்து ஐந்து மாதம் கழித்துத்தான் அது கைக்கு வந்தது. மகள் ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னாள். தசைநாரில் கிழிசல் இல்லை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் தேய்மானம், அந்த எலும்பு முள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

மகள் அதோடு விடவில்லை, தேடித் தேடிப் படித்தாள். இந்த எலும்பைச் சீவும் ஆப்பரேஷனைப் பற்றி பிரிட்டனில் 32 ஆஸ்பத்திரிகளில் 313 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்திருக்கிறது. சிலருக்கு எலும்பைச் சீவினார்கள். சிலருக்குக் கேமராவை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுத் தைத்துவிட்டார்கள். சிலருக்கு எதுவுமே செய்யவில்லை. ஆறு மாதத்தில், சீவியவர்களுக்கும் வெறுமனே பார்த்துத் தைத்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. ஒன்றும் செய்யாதவர்களைவிடக் கிடைத்த பலனும் பெரிதாகச் சொல்லும்படி இல்லை. அவர்களெல்லாம் குறைந்தது மூன்று மாத வலியோடு, பயிற்சியும் செய்து, ஊசியும் போட்டுப் பார்த்த பிறகு வந்தவர்கள். எனக்கு வலி வந்தே மூன்று வாரம். 2019-இல் பி.எம்.ஜே. என்ற இன்னொரு மருத்துவ இதழில் ஒரு நிபுணர் குழு இந்த ஆப்பரேஷன் வேண்டாம் என்று அழுத்தமாகவே எழுதிவிட்டது.

இதைப் படித்துவிட்டு ஆப்பரேஷனே கூடாது என்று யாரும் உட்கார்ந்துவிட வேண்டாம். என் கொழுந்தனார் பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போகும்போது மோட்டாரோடு விழுந்தார். அந்த நிமிடத்திலிருந்து கையைத் தூக்கவே முடியவில்லை, தசைநார் முழுதாக அறுந்திருந்தது. அப்படி அடிபட்டு அறுந்ததைத் தள்ளிப்போட்டால் தசை உள்ளே சுருங்கிப்போய், பிறகு தைப்பது கஷ்டம். அவருக்குச் சீக்கிரம் செய்தார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். வேலைக்குப் போகும் வழியில் நடந்ததால் சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) உதவியும் கிடைத்தது. அவர் கதை வேறு, என் கதை வேறு. அந்த வேறுபாட்டைத்தான் டாக்டர் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு ஆப்பரேஷன் செய்தவர் போலி டாக்டர் இல்லை. தேசிய ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் மகள் தேடிப் பார்த்தாள், பெயர் இருக்கிறது. அதனால் பதிவு இருக்கிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். கிழிசல் இருக்கிறதா, பாதியா முழுசா, பயிற்சி செய்து மூன்று மாதம் பார்க்கலாமா, இனிப்புநீருக்கு என்ன ஆபத்து என்று நேராகக் கேளுங்கள். செலவு எவ்வளவு வரும் என்று கேட்டால் தனியார் ஆஸ்பத்திரி முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், அது உங்கள் உரிமை. கார்டு வைத்திருப்பவர்கள் உங்கள் பங்கு எவ்வளவு என்று ஏஜெண்டிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எழுதிய புகாருக்கு, நான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று ஒரு பக்கத்தில் பதில் வந்தது. இப்போது மாநிலச் சுகாதார இலாகாவில், தனியார் ஆஸ்பத்திரிகளைக் கவனிக்கும் பிரிவில் கொடுத்திருக்கிறேன். பிசியோவில் ஒரு தங்கச்சி வாரா வாரம் பொறுமையாகப் பயிற்சி சொல்லித் தருகிறாள். போன வாரம்தான் மேல் தட்டிலிருந்து இடியப்பத் தட்டை நானே எடுத்தேன்.