விளம்பர லிவரி லோகோ மாடல்கள்: பல வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

விளம்பர லிவரி (பாடியில் விளம்பர நிறமும் படமும்) போட்ட லோகோ மாடலை, அதாவது நிஜ ரயில் எஞ்சினின் சிறிய நகலை, எல்லோரும் படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். படம் நன்றாகவே இருக்கும், அதற்காகத்தானே அந்த மாடலே வருகிறது. கோளாறு படத்துக்கு அடியில் இருக்கும் பாடியில். நிஜ ரயில்வேயில் ஒரு விளம்பரம் குறிப்பிட்ட எண்ணுள்ள லோகோவில் சில மாதமோ சில வருடமோ இருக்கும், ஒப்பந்தம் முடிந்ததும் விளம்பரம் அச்சிட்ட வினைல் ஒட்டுத்தாளை உரித்துவிடுவார்கள். அதனால் மாடல் சரியா தப்பா என்று பார்க்க, அந்த எண்ணுள்ள லோகோ அந்த மாதங்களில் எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். உரித்த பிறகு எடுத்த போட்டோவை வைத்துக்கொண்டு மாடலைக் குறை சொல்வதில் பயனில்லை.

இங்கே சொல்வதெல்லாம் எச்.ஓ. அளவு, அதாவது 1:87 மாடல்களைப் பற்றி. அதிலும் இரண்டே வகை: சுவிஸ் ரயில்வேயின் ஆர்.இ. 460, ஆஸ்திரிய ரயில்வேயின் டாரஸ். விளம்பரம் நிறையச் சுமந்தவை இரண்டும். மார்க்லின், ரோக்கோ, ஹாக் போன்ற கம்பெனிகளின் பட்டியலில் ஒரே லோகோ பல லிவரிகளில் வந்திருக்கும்.

முதலில் அளவுகோலை எடுங்கள். ஆர்.இ. 460 பஃபரிலிருந்து (முனையில் இருக்கும் மோதல் தாங்கி) பஃபர் வரை 18.5 மீட்டர், மாடலில் 212.6 மி.மீ. வர வேண்டும். டாரஸ் 19.28 மீட்டர், மாடலில் 221.6 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம், பஃபர் பொருத்திய விதத்திலேயே அவ்வளவு மாறும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டினால் அது பழைய அச்சில் வார்த்த பாடி. படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே எழுத்து தப்பான இடத்தில்தான் விழும்.

அடுத்தது பாண்டோகிராஃப், மேல்கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைச் சட்டம். சுவிஸ் தலைப்பகுதியின் அகலம் 1450 மி.மீ., ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் 1950 மி.மீ. மாடலில் முறையே 16.7, 22.4. வெர்னியர் காலிப்பரால் பத்து நொடியில் அளந்துவிடலாம். ஆர்.இ. 460 மேல் அகலமான ஜெர்மன் பாண்டோகிராஃப் உட்கார்ந்திருந்தால் செகண்ட் ஹேண்டில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் தயாரிப்பாளரே கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பியிருக்கிறார். இரண்டும் நடக்கிறது.

மூன்றாவது எண். லிவரிக்காக மட்டும் பாடியை மாற்றும்போது எண்ணை அச்சடிப்பதில் தவறு நேர்வது உண்டு. சுவிஸ் எண்ணின் கடைசியில் கோடு போட்டு ஒரு சோதனை இலக்கம் வரும், அதை வைத்தே பிடித்துவிடலாம். 460 058 என்று வைத்துக்கொள்வோம். வலது கோடியிலிருந்து தொடங்கி இலக்கங்களை 2, 1, 2, 1 என்று மாறி மாறிப் பெருக்க வேண்டும்: 8×2=16, 5×1=5, 0, 0, 6×2=12, 4×1=4. இரட்டை இலக்க விடை வந்தால் அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொள்ள வேண்டும்: 16 என்பது 7, 12 என்பது 3. மொத்தம் 7+5+0+0+3+4=19. அடுத்த பத்தின் மடங்கான 20 வருவதற்கு 1 தேவை. ஆக 460 058-1. மாடலில் கோட்டுக்குப் பிறகு வேறு எதாவது இருந்தால் அச்சுப் பிழை. புதிய 12 இலக்க எண்ணில் முன்னால் 91 85 4 சேர்ந்தாலும் சுவிஸ் லோகோவுக்குக் கடைசி இலக்கம் மாறாது. மொத்தமே 119 லோகோக்கள்தான், 000 முதல் 118 வரை, 1991 முதல் 1996 வரை கட்டியவை. 118ஐத் தாண்டிய எண் போட்டிருந்தால் அது கற்பனை லோகோ. கடைக்கோ கிளப்புக்கோ ஆண்டுவிழாவுக்கோ அச்சடித்த அப்படிப்பட்ட மாடல்கள் ஏராளம். வாங்கக் கூடாது என்றில்லை, நிஜத்தின் நகல் என்று நினைத்து விலை கொடுக்க வேண்டாம்.

இனி அச்சடிப்பு. ஆர்.இ. 460 பக்கவாட்டுத் தகட்டில் நீளவாக்கில் வரிவரியாகப் புடைப்புகள் உண்டு. பேட் பிரிண்டிங்கில் மெத்தென்ற சிலிக்கோன் பேட் மையை எடுத்து இதன் மேல் அழுத்தும்போது புடைப்பின் உச்சியில் மை மெலிந்தும், பள்ளத்தின் ஓரத்தில் தடித்தும் விழும். லோகோவைச் சாய்த்து ஒரே பக்கமிருந்து டேபிள் விளக்கைக் காட்டினால் மெல்லிய கோடுகளாகத் தெரியும். சிவப்பு பாடியில் மஞ்சளோ வெள்ளையோ அச்சடித்த இடத்தில் இது அதிகம். அடியில் தனியாக ஒரு வெள்ளைப் பூச்சு கொடுக்காவிட்டால் வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகவே நிற்கும். டாரஸுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் பக்கம் வழவழப்பு. ஆனால் அங்கே கூரை வட்டமாகத் திரும்புகிறது, படமும் கூரை வரை ஏறுகிறது. பக்கத்துக்கு ஒரு பேட், கூரைக்கு ஒரு பேட் என்று தனித்தனியாக அடிப்பதால் சேருமிடத்தில் கோடு விலகும். 2008 யூரோ கால்பந்துப் போட்டிக்காகப் பங்கேற்ற 16 நாடுகளின் நிறத்திலும் ஆஸ்திரியா டாரஸ்களை ஓட்டியது, அதில் 1116 005 எண்ணுள்ள லோகோ ஆஸ்திரியாவுக்கு. அந்தக் கொடி நிறங்களைக் கூரைக்குத் திருப்பும் இடத்தில்தான் நல்ல மாடலும் சுமாரான மாடலும் பிரிகின்றன. கூரை ஓரத்தில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஒன்றரை அடி தூரத்திலிருந்தே கண்ணில் படும்.

புதிய மாடல்களில் பலவும் யூ.வி. இங்க்ஜெட்டில் (மையைத் துளிகளாகத் தெளித்துப் புற ஊதா ஒளியில் உலர்த்தும் முறை) வருகின்றன. முகங்கள், போட்டோ, நிறச் சரிவு எல்லாம் பேட் பிரிண்டிங்கால் முடியாத அளவுக்கு அழகாக வரும். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் புள்ளிகள் தெரியும், அது குறையல்ல. குறை எங்கே என்றால், மை தெளிக்கும் நாசிலிலிருந்து பரப்பு விலகும் இடங்களில். மூக்குப் பகுதியிலும் கூரை வளைவிலும் படம் மங்கும். நிஜத்தில் காற்று உள்ளே போகும் கிரில்லை வினைல் மூடாது, மாடலில் கிரில் வார்ப்பின் மேலேயே மை ஓடியிருப்பதையும் பார்க்கலாம். ஜன்னலை மூடும் துளையிட்ட வினைல் இருந்த லோகோவானால், ஜன்னல் பிளாஸ்டிக்கில் அடித்த பகுதி அடிப்பூச்சு இல்லாமல் வெளிறித் தெரியும்.

உழைப்பு என்று பார்த்தால் என் வோட்டு பேட் பிரிண்டிங்குக்குத்தான். அந்த மை பாடியோடு ஒட்டி நெளியும். யூ.வி. மை மேலே படிந்த ஒரு தோல், அதுவும் விறைப்பு. டிகோடர் (டிஜிட்டல் கட்டுப்பாட்டுச் சிப்) போட பாடியைக் கழற்றும்போது பக்கங்களை விரல் நகத்தால் அகட்டினால், அகட்டிய இடத்தில் மயிரிழைக் கீறல் விழும். நகம் வேண்டாம். விசிட்டிங் கார்டு தடிமனில் நான்கு பிளாஸ்டிக் பட்டைகளை ஒவ்வொரு பக்கமும் இரண்டு என்று கிளிப் இருக்கும் இடத்தில் செருகி, பாடியை நேராக மேலே இழுக்க வேண்டும். திரும்பப் போடும்போது எந்த முனை முன்னே என்று குறித்துக்கொள்ளுங்கள். சில பாடிகள் இரண்டு விதமாகவும் உட்காரும். தப்பாகப் போட்டால் அடிப்பகுதிப் பெட்டிகள் இடம் மாறும்.

உடன் வரும் சின்ன பாக்கெட்டிலுள்ள கைப்பிடிகளையும் பிரேக் ஹோஸ்களையும் ஃபெவிக்விக் போன்ற சூப்பர் குளூவால் ஒட்ட வேண்டாம். அதன் ஆவி பளபளப்பான அச்சில் வெள்ளைப் படலமாகப் படியும், துடைத்தால் போகாது. தண்ணீரில் கரையும் வெள்ளைக் கோந்து போதும், ஊசி முனையில் தொட்டு வைத்தால் காய்ந்ததும் தெரியாது.

துடைப்பதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். தண்டவாளம் துடைக்க வைத்திருக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விரலில் ஈரமாக இருக்கும்போதே லோகோவைத் தூக்கினால், பிடித்த இடத்து எழுத்து விரலோடு வந்துவிடும். வடித்த நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மேக்கப் பிரஷ், பிறகு வெறும் நீர், இவ்வளவே போதும். பியரிங்குக்கு எண்ணெயும் ஊசி முனையளவுதான். மிஞ்சினால் கீழ்விளிம்பில் ஏறி அச்சின் ஓரத்தைக் கறையாக்கும்.

வைக்கும் இடம்: வெயில் படாத அலமாரி. முதலில் வெளிறுவது சிவப்பு, அதிலும் மெஜந்தா கலந்த சிவப்பு. ஆர்.இ. 460க்கு அதுவே உயிர் நிறம். மென்மையான பி.வி.சி. கவரில் சுற்றி வருடக்கணக்கில் பெட்டியில் வைத்தால் கவரிலுள்ள ரசாயனம் பூச்சோடு ஒட்டி, கவரின் சுருக்கங்கள் அப்படியே லோகோவில் பதியும். பாலித்தீன் கவர் அல்லது அமிலமற்ற டிஷ்யூ பேப்பர் நல்லது. கடற்கரை ஊர்களில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் ஒன்று போட வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் நான்கு போட்டோ கேளுங்கள்: இரண்டு பக்கமும் நேராக, கூரை மேலிருந்து, பஃபருக்கு அருகே கீழ்விளிம்பு நெருக்கமாக. இரண்டு பக்கப் படங்களையும் நிஜ லோகோவின் அதே பக்கங்களோடு ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தை அப்படியே கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடித்த மாடல்கள் உண்டு, எழுத்து மட்டும் ஒழுங்காக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை. கீழ்விளிம்பு போட்டோ அனுப்ப விற்பவர் தயங்கினால், அங்கே மை உரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்துக் கேளுங்கள்.