கையில் பிடித்துக் காட்டும் களத்துக்கு எந்தக் குதிரை? வெல்ஷ் காப், ஹைலேண்ட், ஜிப்சி காப், ஷோ காப்: ஓர் ஒப்பீடு

பிரிட்டனில் கோடைக்காலத்தில் நடக்கும் வேளாண் கண்காட்சிகளில், சேணமோ சவாரியாளரோ இல்லாமல், குதிரையை ஒருவர் கையில் பிடித்து நடத்தி வந்து நடுவரிடம் காட்டும் ‘இன்-ஹேண்ட்’ போட்டிகளுக்கு நெடுங்காலமாகவே தனி மதிப்பு உண்டு. அந்நாட்டு மட்டக்குதிரைகளையோ காப் எனப்படும் கட்டுக்குட்டான குதிரைகளையோ கொண்டு இந்தக் களத்தில் இறங்க நினைப்பவர், பெரும்பாலும் நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கிறார்: வெல்ஷ் காப், ஹைலேண்ட், கால்களில் நீண்ட சடைமயிர் தொங்கும் (கால்சடை) ஜிப்சி காப், பிடரி மழிக்கப்பட்ட ஷோ காப். விலையையும் அழகையும் பார்த்து முடிவெடுப்பதே வழக்கம். ஆனால் கயிற்றைப் பிடிக்கப்போகிறவரால் எவ்வளவு ஓட முடியும், குதிரையைக் கழுவிச் சீவ அவருக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது என்பவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

களத்தில் செய்ய வேண்டியது நான்குக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாக் குதிரைகளும் வட்டமாக நடந்த பிறகு, நடுவர் ஒவ்வொன்றாக அழைத்து நிற்கவைத்துப் பார்க்கிறார். பிறகு நடையில் விலகிப் போய், துள்ளோட்டத்தில் (ஆங்கிலத்தில் ‘ட்ராட்’) திரும்பி வரச் சொல்கிறார். நிறுத்தும்போது நடுவர் பக்கத்து முன்னங்கால் சற்று முன்னும், அதே பக்கத்துப் பின்னங்கால் சற்றுப் பின்னும் இருந்தால் நான்கு கால்களும் அவர் கண்ணில் படும். திருப்பும்போது குதிரையைத் தன் பக்கமாக இழுக்கக் கூடாது. இடப்புறம் நிற்பவர் அதை வலப்புறமாகத் தள்ளித்தான் திருப்ப வேண்டும். தன் பக்கம் இழுப்பவரின் கால்விரல்மேல் குளம்பு விழ வாய்ப்பு அதிகம், குதிரையின் பின்பகுதியும் வெளியே சாய்ந்து நடை கெடும்.

வேறுபாடு தொடங்குவது, நடுவர் மனத்தில் வைத்திருக்கும் அளவுகோலில்தான். வெல்ஷ் காப்பும் ஹைலேண்டும் மரபுப் பதிவேடு கொண்ட இனங்கள் என்பதால், எழுதிவைக்கப்பட்ட இன வரையறையோடு ஒப்பிட்டே அவை மதிப்பிடப்படுகின்றன. பதிவுத் தாள் இல்லாத குதிரைக்கு அந்த வகுப்புகளில் இடமில்லை. ஷோ காப் ஓர் இனமே அன்று, ஓர் உடலமைப்பு வகை, 148 செ.மீ.க்கு மேல், 155 செ.மீ.க்கு மிகாமல் உயரமும், குட்டைக் கால்களும், பருத்த எலும்பும், அகன்ற பின்பகுதியும் இருந்தால், தாய் தந்தை யாரென்றே தெரியாத குதிரையும் கோப்பை வாங்கலாம். ஜிப்சி காப்புக்குப் பதிவேடுகள் இருந்தாலும், அது நாட்டு மட்டக்குதிரை இனங்களின் பட்டியலில் சேராது. ‘பாரம்பரியக் காப்’ என்ற தனி வகுப்பிலோ உடலில் பல நிறத் திட்டுகள் கொண்ட குதிரைகளுக்கான வகுப்பிலோதான் இறங்க வேண்டும்.

நான்கிலும் கூட்டத்தை எழுப்பி நிறுத்துவது வெல்ஷ் காப்தான். 1901-இல் தொடங்கப்பட்ட வெல்ஷ் மட்டக்குதிரை, காப் சங்கத்தின் பதிவேட்டில் இது ‘டி’ பிரிவு, 137 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர உயரத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஆண் குதிரைகளுக்கு அரசு உரிமம் கட்டாயமான 1918-க்கு முன்பு, வேல்ஸ் வளர்ப்பாளர்கள் இனப்பெருக்கத்துக்கான குதிரையை ஓட்டப் பந்தயத்தில்தான் பொறுக்கினார்கள். கார்டிஃபிலிருந்து டௌலைஸ் வரை 35 மைல் மேட்டுப் பாதையை மூன்று மணி நேரத்துக்குள் துள்ளோட்டத்தில் கடக்கும் குதிரையே நல்ல குதிரை. அந்தக் கணக்கு இன்றும் களத்தில் செல்லுபடியாகிறது: முழங்காலை உயர்த்தித் தோளிலிருந்து காலை முழுமையாக நீட்டி எறிவதும், பின்னங்கால் மூட்டு வயிற்றுக்கு அடியில் மடங்கி உந்துவதும்தான் நடுவரும் பார்வையாளரும் காணக் காத்திருக்கும் காட்சி. ஜூலையில் வேல்ஸின் லானெல்வெத்தில் நடக்கும் ராயல் வெல்ஷ் கண்காட்சியில், ஜார்ஜ் வேல்ஸ் இளவரசர் கோப்பைக்காக இந்தக் குதிரைகள் வரும் நாளில் அரங்கைச் சுற்றி எழும் ஆரவாரத்தை வேறெந்த மட்டக்குதிரை வகுப்பிலும் கேட்க முடியாது.

இதன் விலையைக் கொடுப்பவர் கயிற்றைப் பிடித்திருப்பவர். முழு வேகத்தில் நீளும் ஓர் ஆண் வெல்ஷ் காப்போடு ஈடுகொடுத்து ஓடாவிட்டால், குதிரையின் தலை அவர் பக்கம் இழுபட்டு, நேராக வரவேண்டிய ஓட்டம் கோணிப்போகும். எந்த ஓட்டத்துக்காக அதை வாங்கினாரோ, அதையே அவர் கை மறைத்துவிடும். ஓடுவதற்கென்று வேறொருவரை வைத்துக்கொள்பவர்களும் உண்டு. நாற்பதைத் தாண்டியவர், முழங்கால் வலி உள்ளவர், உதவிக்கு ஆளில்லாதவர் ஆகியோருக்கு இந்த இனத்தின் ஆண் குதிரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடங்கிய பெட்டைக் குதிரை வேறு விஷயம்.

ஹைலேண்ட் இதற்கு நேரெதிர். ஸ்காட்லாந்து மலைகளில் வேட்டையாடிய மானை முதுகில் சுமந்து இறங்கும் வேலைக்கும் பயன்பட்ட இந்த இனம், 148 செ.மீ.க்கு மேற்படாது, துள்ளோட்டத்தில் பகட்டு இல்லை, அளவான நேர்நடையே வேண்டும். நடுவர் இங்கே தேடுவது ஆழ்ந்த மார்பு, முழங்காலுக்குக் கீழே தட்டையான உறுதியான எலும்பு, பட்டுப்போன்ற சிறிதளவு கால்மயிர், பெரும்பாலும் மங்கிய பழுப்பு அல்லது சாம்பல் உடம்பின் முதுகில் ஓடும் கருங்கோடு. நெற்றியில் சிறு பொட்டு போனால் போகட்டும் என்று விடப்படும். அதைத் தாண்டிய வெள்ளைக் குறிகள் விரும்பப்படுவதில்லை, அப்படிப்பட்ட ஆண் குதிரைக்கு இனப்பெருக்க உரிமமும் கிடைக்காது. பிடரியும் வாலும் கத்தரி படாமல், பின்னல் போடாமல், வளர்ந்தபடியே இருக்க வேண்டும். ஆகவே முதல்நாள் கழுவி, காலையில் சீவி, தலைக்கயிறு மாட்டினால் ஏறக்குறைய வேலை முடிந்தது. இதே குணமும் இதே அலங்காரமும் கொண்ட, சற்றுச் சிறிய, வட இங்கிலாந்தின் ஃபெல் இனத்தையும் இதோடு சேர்த்தே எண்ணலாம். 2022 செப்டம்பர் 19 அன்று விண்ட்சரில் எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலம் கடந்தபோது பாதையோரம் சேணத்தோடு நின்ற கறுப்புக் குதிரை எம்மாவைத் தொலைக்காட்சியில் கண்டவர்கள், ஒரு ஃபெல் குதிரையைப் பார்த்திருக்கிறார்கள்.

ஹைலேண்டுக்கு ஒரு சங்கடம் உண்டு. சிறிய கண்காட்சிகளில் பெரிய நாட்டு இனங்கள் எல்லாம் ஒரே வகுப்பில் நிற்கும். ஒவ்வொன்றையும் அதனதன் வரையறையோடு மட்டுமே ஒப்பிட வேண்டும் என்பது விதி. விதி அப்படித்தான், ஆனால் நடுவரும் மனிதர்தானே! வெல்ஷ் காப் பறந்து வந்த அடுத்த நிமிடம் அமைதியாக நடந்து வரும் ஹைலேண்டின் குணத்தைக் காண்பதற்கு அனுபவம் வேண்டும். தனி இன வகுப்புகள் உள்ள கண்காட்சிகளைத் தேடிப் போவதே இந்த இனத்தை வைத்திருப்பவருக்கு நல்லது.

ஜிப்சி காப்பின் புகழெல்லாம் அதன் மயிரில் இருக்கிறது, துன்பமும் அங்கேதான். முழங்காலிலிருந்தும் பின்னங்கால் மூட்டிலிருந்தும் இறங்கிக் குளம்பையே மூடும் சடை வெள்ளையாக, சிக்கின்றி, ஓடும்போது விசிறிபோல் விரிய வேண்டும். அதற்குக் கழுவி, மரத்தூள் தூவி ஈரம் உறிஞ்சவைத்து, உலர்ந்ததும் உதிர்த்துச் சீவ வேண்டும், போட்டியில்லாத நாட்களில் சேறு ஒட்டாதிருக்கக் கந்தகம் கலந்த ‘பிக் ஆயில்’ பூசுபவர்கள் பலர் (பெயரில்தான் பன்றி, பொதுவாக அது கனிம எண்ணெய்தான்). சடைக்குள் உண்ணிப்பூச்சி புகுந்து அரிப்பெடுத்தால் குதிரை காலைத் தரையில் உதைத்துக்கொண்டே இருக்கும். ஈரம் தங்கினால் தோல் வெடிக்கும். இதைக் கவனிக்க நேரமில்லாதவர் சடைக் குதிரையை வாங்குவது அந்தக் குதிரைக்கே செய்யும் தீங்கு. மறுபுறம், பல நிறத் திட்டுகளை வெல்ஷ் பதிவேடும் ஹைலேண்ட் பதிவேடும் ஏற்பதில்லை. அந்த நிறத்தில்தான் மனம் போகிறது என்றால் இந்த வழியே மிஞ்சுகிறது. சாதுவான குணத்தால், முதன்முறை களமிறங்கும் சிறுவர்களுக்கும் இது ஒத்துவரும்.

ஷோ காப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. சீமாட்டியின் தலையும் சமையற்காரியின் பின்புறமும் சேர்ந்தது காப் என்று ஆங்கிலேயர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. பிடரியை ஒட்ட மழித்து, கால்மயிரை நீக்கி, வாலைக் குறுக்கே நேராக வெட்டுவது மரபு. ஒரு காலத்தில் வாலையே நறுக்கிவிடுவார்கள், 1949-இல் சட்டம் அதைத் தடைசெய்தது. இந்த வகைக்கு உண்மையான மேடை சவாரி வகுப்புதான், அங்கே நடுவரே ஏறி ஓட்டிப் பார்ப்பார். எனவே இன்-ஹேண்ட் போட்டி இதற்கு, சவாரிக்கு வயது வரும்வரை கூட்டத்தையும் ஒலிபெருக்கியையும் பழக்கும் காத்திருப்பறை மட்டுமே. மழித்த பிடரி பழைய நீளத்துக்கு வர ஓராண்டுக்கு மேலாகும் என்பதால், கால்சடையுள்ள ஒரு காப்பை வைத்துக்கொண்டு ‘இந்த ஆண்டு மழித்துப் பார்ப்போம், சரிவராவிட்டால் அடுத்த ஆண்டு பாரம்பரிய வகுப்புக்குப் போவோம்’ என்று திட்டமிட வழியில்லை. கத்தரி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும்.

காயடித்த குதிரையை வைத்திருப்பவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தப் போட்டிகள் இனப்பெருக்கத்துக்கான குதிரைகளை மதிப்பிடத் தோன்றியவை என்பதால், பெரிய பட்டங்கள் பெரும்பாலும் ஆண் குதிரைக்கும் பெட்டைக்கும் குட்டிகளுக்குமே போகின்றன. நாட்டு இனங்களில் காயடித்தவற்றுக்குத் தனி வகுப்பு வைக்கும் கண்காட்சிகள் உள்ளன; அந்த நிலையில் தனியாளாகக் களமிறங்குபவருக்கு நான் சொல்வது ஹைலேண்ட் அல்லது ஃபெல். ஓடக்கூடிய இளைஞர் ஒருவர் வீட்டில் இருந்தால், தயங்காமல் வெல்ஷ் பெட்டை.